வட்டம் சுற்றிக்கொண்டே நிற்கும் வீடியோ: அறிகுறியை வைத்துக் கோளாறைக் கண்டுபிடிக்கும் முறை

வீடியோ நின்று நின்று ஓடினால் பலரும் முதலில் கைவைப்பது பிளானில்தான். 100 எம்பிபிஎஸ் 300 ஆகிறது, மாதக் கட்டணம் ஏறுகிறது, படுக்கையறை டிவியில் வட்டம் மட்டும் பழையபடியே சுற்றுகிறது. நெட்ஃபிளிக்ஸ் 1080பி தரத்துக்குக் கேட்பது 5 எம்பிபிஎஸ், 4கே தரத்துக்கு 15. யூடியூப் 4கே-க்கு 20 கேட்கிறது. அப்படியானால் 100 எம்பிபிஎஸ் இணைப்பில் நான்கு டிவியில் ஒரே நேரத்தில் 4கே ஓடியும் கொஞ்சம் மிஞ்ச வேண்டும். மொட்டைமாடித் தொட்டி நிறைய இருந்தும் குளியலறைக் குழாயில் சொட்டுச் சொட்டாக வந்தால் பெரிய தொட்டி வாங்க மாட்டோம். அடைப்பு எங்கே என்றுதான் தேடுவோம். இங்கேயும் வேலை அதுதான்.

வீடியோ சில விநாடித் துண்டுகளாக வெட்டப்பட்டு, ஒவ்வொன்றாக இறங்கி, கருவியில் கையிருப்பாகச் சேர்ந்து, பிறகுதான் திரைக்கு வருகிறது. வரத்து குறைந்தால் செயலி முதலில் படத்தின் தரத்தை இறக்கிப் பார்க்கும். அதற்கும் ஈடுகொடுக்க முடியாமல் கையிருப்பு தீரும்போதுதான் வட்டம் வரும்.

இந்தக் கையிருப்பை எண்ணாகவே பார்க்கலாம். கணினியில் யூடியூப் வீடியோவின் மேல் வலது கிளிக் செய்து 'ஸ்டாட்ஸ் ஃபார் நெர்ட்ஸ்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். டிவியில் அதே பெயர் வீடியோவின் அமைப்புச் சக்கரத்துக்குள் இருக்கும். கைபேசியில் யூடியூப் அமைப்புகளுக்குள் போய் ஒருமுறை இயக்கிவைக்க வேண்டும். வரும் பட்டியலில் 'பஃபர் ஹெல்த்' என்ற வரி, இன்னும் எத்தனை விநாடிக்குச் சரக்கு கையில் இருக்கிறது என்று சொல்கிறது. அந்த எண் சரிந்து சரிந்து 0 தொட்டு வீடியோ நின்றால் கோளாறு வரத்தில். 20, 30 விநாடி கையிருப்பு இருக்கும்போதே படம் திணறினால் கோளாறு கருவியில். இந்த ஒரு பரிசோதனை பாதித் தேடலை முடித்துவிடும் என்பதால் இதைச் செய்யாமல் கீழே போக வேண்டாம்.

அடுத்து மூன்று அளவுகள் எடுத்துத் தாளில் குறியுங்கள். கைபேசியில் மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டு (இதை மறந்தால் அளவு முழுவதும் பொய்), ரூட்டரிலிருந்து ஐந்தாறு அடி தள்ளி நின்று ஃபாஸ்ட் டாட் காம் திறங்கள். இது நெட்ஃபிளிக்ஸ் நடத்தும் தளம். அதன் சர்வர்களிலிருந்தே வேகத்தை அளக்கிறது. பிறகு டிவி இருக்கும் இடத்தில், கைபேசியை டிவிக்குப் பின்பக்கம் பிடித்துக்கொண்டு ஒருமுறை. கடைசியாக, மடிக்கணினியை லேன் கேபிளால் நேரே ரூட்டரில் இணைத்து ஒருமுறை. கேபிளில் நல்ல வேகம், டிவிக்குப் பின்னால் மோசம் என்றால் வைஃபை. கேபிளிலேயே மோசம் என்றால் லைன் அல்லது நிறுவனம். மூன்றும் நன்றாக இருந்தால் டிவியும் அதிலுள்ள செயலியும்.

ரூட்டர் அருகில் நன்றாக ஓடுகிறது, உள்ளறையில் நிற்கிறது

வீடுகளில் மிக அதிகம் காணும் கோளாறு இது. ரூட்டரை எங்கே வைப்பது என்பதைப் பெரும்பாலும் முடிவுசெய்வது ஃபைபர் இழுக்க வந்தவரின் கேபிள் நீளம்தான். வாசல் மூலையில், ஷோகேஸ் கண்ணாடிக்குப் பின்னால், அல்லது இரும்பு பீரோவின் தலையில் அது போய் உட்கார்ந்துவிடுகிறது. பீரோ, ஃபிரிட்ஜ், நிலைக்கண்ணாடி, மீன்தொட்டி, ஜன்னல் கம்பி எல்லாம் சிக்னலைத் தின்னும் பொருள்கள். 9 அங்குலச் செங்கல் சுவர் கணிசமாகக் குறைக்கும். கம்பி கட்டிய கான்கிரீட் தளம் அதைவிட அதிகம். ஆகவே கீழ்த்தளத்து ரூட்டரை நம்பி மாடி அறையில் 4கே எதிர்பார்ப்பது பெரும்பாலும் வீண்.

சிக்னலை அளக்க ஆண்ட்ராய்டு கைபேசியில் ஏதேனும் ஒரு வைஃபை அனலைசர் செயலி போதும். சிக்னலின் பலம் டிபிஎம் என்ற அலகில், கழித்தல் குறியோடு வரும். பூஜ்யத்துக்கு எவ்வளவு அருகிலோ அவ்வளவு நல்லது. மைனஸ் 50 டிபிஎம் அருமை. மைனஸ் 67 வரை வீடியோவுக்குக் கவலையில்லை. மைனஸ் 75க்கு இறங்கினால் வட்டம் வரத் தொடங்கும். மைனஸ் 80க்குக் கீழே இணைந்திருப்பது போலக் காட்டுமே தவிர எதுவும் ஓடாது.

ரூட்டரை வீட்டின் நடுப்பக்கம், ஐந்தாறு அடி உயரத்தில், திறந்த இடத்தில் வையுங்கள். ஃபைபர் கேபிளைக் கூடத்துக்குள் நீட்டித்தரச் சொல்லி நிறுவனத்திடம் கேட்கலாம். சிறு கட்டணம் கேட்டாலும் புதிய ரூட்டர் வாங்குவதைவிட இது மேல்.

ரூட்டர் இரண்டு அலைவரிசையில் பேசும். 2.4 கிகாஹெர்ட்ஸ் சுவர் தாண்டும், ஆனால் மெதுவானது. அதில் வெட்டிக்கொள்ளாத சேனல்கள் 1, 6, 11 ஆகிய மூன்றுதான். அடுக்குமாடிக் குடியிருப்பில் இருபது வீட்டு ரூட்டர்களும் அந்த மூன்றுக்குள் நெருக்கியடிக்கின்றன. போதாததற்கு மைக்ரோவேவ் அடுப்பு, புளூடூத், சில கம்பியில்லாக் கேமராக்கள் எல்லாம் அதே அலைவரிசை. ரூட்டருக்கோ டிவிக்கோ ஒட்டி வைத்த யூஎஸ்பி 3.0 ஹார்டு டிஸ்க்கும் 2.4இல் இரைச்சல் கிளப்பும் என்பது பலருக்குத் தெரியாது. அதை மூன்று அடி தள்ளிவைத்தாலே மாற்றம் தெரிவதுண்டு. 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது, நெரிசல் குறைவு, ஆனால் இரண்டு சுவர் தாண்டினால் மெலிந்துபோகும். டிவியும் ரூட்டரும் ஒரே அறையில், அல்லது ஒரு சுவர் இடைவெளியில் இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு 5 கிகாஹெர்ட்ஸ்.

இரண்டுக்கும் ஒரே பெயர் இருந்தால் டிவி எதில் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்றே தெரியாது. ரூட்டரின் அமைப்புப் பக்கத்துக்குப் போங்கள். முகவரி பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.0.1, ஜியோவில் 192.168.29.1; கடவுச்சொல் ரூட்டரின் அடிப்பக்கச் சீட்டில் இருக்கும். அங்கே இரண்டு அலைவரிசைக்கும் தனித்தனிப் பெயர் கொடுத்து, டிவியில் 2.4 பெயரை மறக்கச் செய்துவிட்டு 5ஐ மட்டும் சேருங்கள். 5இல் சேனலை 36, 40, 44, 48 ஆகியவற்றில் ஒன்றாக வையுங்கள். ரூட்டர் தானாக மேல் சேனலுக்குத் தாவினால் சில பழைய டிவிகளுக்கு அது கண்ணிலேயே படாது. 2.4இல் சேனல் அகலத்தை 20 மெகாஹெர்ட்ஸ் ஆக்குங்கள். 40 என்று வைத்தால் வேகம் கூடும் என்று தோன்றும். நெருக்கமான தெருவில் அண்டை வீட்டு இரைச்சலையும் சேர்த்து வாங்கிக்கொள்வதுதான் மிச்சம்.

இதற்கும் தீரவில்லை என்றால் ரிப்பீட்டர் வாங்கத் தோன்றும். மலிவான ஒற்றை அலைவரிசை ரிப்பீட்டர், கேட்பதையும் திருப்பிச் சொல்வதையும் ஒரே அலையில் செய்வதால் வேகம் பாதியாகிவிடும். சிக்னல் செத்த அறையிலேயே அதை மாட்டுபவர்களும் உண்டு. அங்கே அதற்கே சாப்பாடு கிடைப்பதில்லை, நமக்கு எப்படிப் பரிமாறும்? மாட்டியே ஆகவேண்டும் என்றால் ரூட்டருக்கும் அறைக்கும் நடுவழியில் மாட்டுங்கள். எங்கள் பரிந்துரை லேன் கேபிள். கேட் 6, முழுச் செம்புக் கம்பி என்று கேட்டு வாங்குங்கள். அலுமினியத்தின் மேல் செம்பு பூசிய மலிவுக் கேபிள் வேண்டாம். 100 மீட்டர் வரை வேகம் குறையாது. மின்கம்பி போகும் குழாய்க்குள் இதை நுழைக்கக் கூடாது. தனிக் குழாய் அல்லது சுவரோரப் பட்டையில் போகட்டும். மறுமுனையில் நேரே டிவி, அல்லது இன்னொரு ரூட்டரை அக்சஸ் பாயின்ட் முறையில் (கேபிளில் வருவதை வைஃபையாகப் பரப்பும் வேலை மட்டும்) வைத்தால் மாடி முழுவதற்கும் தீர்வு.

கேபிள் போட்ட பிறகும் வேகம் 94, 95இலேயே முட்டி நிற்கிறதா? நடுவில் எங்கோ 100 எம்பிபிஎஸ் போர்ட் இருக்கிறது, அல்லது கேபிளின் எட்டுக் கம்பிகளில் ஒன்று தொடவில்லை. கிகாபிட் வேகத்துக்கு எட்டும் வேண்டும். நான்கு சரியாக இருந்தாலே 100 ஓடிவிடும் என்பதால் குறை மறைந்தே கிடக்கும். பல ஸ்மார்ட் டிவிகளின் லேன் போர்ட்டே 100தான். 4கே வீடியோவுக்கு அது தாராளம், அதை நினைத்துக் கவலை வேண்டாம்.

கைபேசியில் ஓடுகிறது, அதே இடத்தில் டிவியில் நிற்கிறது

ரிமோட்டில் அணைத்தால் டிவி உறங்குகிறது, அவ்வளவே. பிளக்கைப் பிடுங்கி ஒரு நிமிடம் கழித்து மாட்டுங்கள். அடுத்தது சேமிப்பிடம். பல டிவிகளிலும், டிவியில் சொருகும் ஸ்டிக்குகளிலும் மொத்தமே 8 ஜிபி. அது நிரம்பினால் செயலிகள் திணறத் தொடங்கும். அமைப்புகளில் செயலிகள் பகுதிக்குப் போய் பயன்படாதவற்றை நீக்குங்கள், பார்க்கும் செயலியின் கேஷை (தற்காலிகச் சேமிப்பை) மட்டும் அழியுங்கள். 'டேட்டா'வை அழித்தால் மறுபடி கடவுச்சொல் கொடுத்து உள்நுழைய வேண்டியிருக்கும்.

ஃபயர் டிவி ஸ்டிக் போன்றவற்றை டிவியின் முதுகில் நேரே சொருகினால், பெரிய உலோகத் தகட்டின் நிழலில் அதன் ஆன்டெனா மறைந்துவிடும். பெட்டியோடு வரும் குட்டி எச்டிஎம்ஐ நீட்டிப்பு கேபிள் அதற்காகத்தான் கொடுக்கப்படுகிறது. அதை மாட்டி ஸ்டிக்கை டிவியின் ஓரத்துக்கு இழுத்துவிடுங்கள். மின்சாரத்தை டிவியின் யூஎஸ்பியிலிருந்து எடுக்காமல், கூடவே வந்த அடாப்டரிலிருந்து எடுங்கள்.

ஆறேழு வருடப் பழைய டிவியில் செயலிகளே கனத்துவிட்டன என்றால் டிவியை மாற்றாமல் ஒரு ஸ்டிக் சேர்ப்பது சிக்கனம்.

இரவு 8 முதல் 11 வரை மட்டும் நிற்கிறது

இரண்டு சந்தேகங்கள். அண்டை வீட்டு வைஃபை எல்லாம் ஒரே நேரத்தில் உயிர்பெறுவது ஒன்று, நிறுவனத்தின் லைனில் நெரிசல் மற்றொன்று. இரவு 9 மணிக்கு லேன் கேபிளில் அளந்தால் எது என்று தெரிந்துவிடும். கேபிளில் வேகம் குறையவில்லை என்றால் மேலே சொன்ன சேனல் மாற்றம்தான் மருந்து.

கேபிளிலும் குறைந்தால் காரணம் வீட்டுக்கு வெளியே. ஜிபான் முறை ஃபைபரில் சுமார் 2.5 ஜிபிபிஎஸ் வரும் ஒரு இழை பிரிப்பானில் பிரிந்து 32 அல்லது 64 வீடுகளுக்குப் போகிறது. அங்கேயோ, அதற்கு மேல் நிறுவனம் வெளியுலகோடு இணையும் இடத்திலோ நெரிசல் இருந்தால் உங்கள் ரூட்டரை எத்தனை முறை அணைத்துப் போட்டாலும் பயனில்லை. மூன்று நாள், காலை 7, மாலை 6, இரவு 9 மணிக்குக் கேபிள் வழியே அளந்து படம் பிடித்து வையுங்கள். 'நெட் ஸ்லோ' என்ற புகாருக்கு 'ரீஸ்டார்ட் பண்ணுங்க' என்ற பதில்தான் வரும். 'லேன் கேபிளில் காலை 96, இரவு 9க்கு 11, மூன்று நாளாக இப்படி' என்று சொன்னால் பேச்சு வேறு. புகார் எண்ணைக் கேட்டு வாங்குங்கள். தீராவிட்டால் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரிக்கு எழுத அந்த எண் வேண்டும்.

வீட்டில் வேறொருவர் எதையாவது அனுப்பும்போது மட்டும் நிற்கிறது

பதிவேற்றம் வழியை அடைத்துவிடுகிறது. வீடியோவின் ஒவ்வொரு துண்டையும் டிவி கேட்டு வாங்க வேண்டும். அந்தக் கோரிக்கை, கூகுள் ஃபோட்டோஸுக்குப் போகும் கல்யாணப் படங்களுக்குப் பின்னால் வரிசையில் நின்றால் துண்டு எப்படி வரும்? பதிவேற்ற வேகம் 10, 20 மட்டும் உள்ள பிளான்களில் இது சர்வசாதாரணம். கிளவுடுக்கு இடைவிடாமல் அனுப்பும் சிசிடிவி கேமராக்கள், ஒன்டிரைவ், விண்டோஸ் அப்டேட்டைப் பிற கணினிகளோடு பங்குபோடும் 'டெலிவரி ஆப்டிமைசேஷன்' ஆகியவை வழக்கமான குற்றவாளிகள்.

உறுதிசெய்ய, கணினியில் கமாண்ட் ப்ராம்ப்ட் திறந்து பிங் கட்டளையைக் கூகுளின் 8.8.8.8 முகவரிக்கு ஓடவிடுங்கள்; பதில் திரும்பிவர எவ்வளவு நேரம் ஆகிறது என்று அது காட்டும். முகவரிக்குப் பின் இடம்விட்டு ஒரு சிறுகோடும் ஆங்கில 'டி' எழுத்தும் சேர்த்தால், கன்ட்ரோல்-சி அழுத்தும்வரை அது ஓடும். சும்மா இருக்கும்போது 10, 20 மில்லிவிநாடி காட்டுவது, கைபேசியிலிருந்து பெரிய வீடியோ ஒன்றைப் பதிவேற்றத் தொடங்கியதும் 300, 500 என்று எகிறினால் கோளாறு இதுதான். ரூட்டரில் நெரிசலை ஒழுங்குபடுத்தும் க்யூஓஎஸ் அல்லது எஸ்க்யூஎம் வசதி இருந்தால், பதிவேற்ற வரம்பை உண்மையில் அளந்த வேகத்தில் 85 முதல் 90 சதவீதமாக வையுங்கள். நிறுவனம் தரும் பெட்டிகளில் பெரும்பாலும் இது இருக்காது. அப்போது காப்புப் பதிவை நள்ளிரவுக்கு மாற்றுங்கள், கேமராவின் தரத்தை ஒரு படி இறக்குங்கள்.

இதே பிங்கை ரூட்டர் முகவரிக்கும் ஓடவிடலாம். அங்கேயே ஐந்து மில்லிவிநாடிக்குள் வராமல் நூறு, இருநூறு என்று துள்ளினால் குற்றம் வைஃபையுடையது. நிறுவனத்தைத் திட்ட வேண்டாம்.

ஒரு செயலி மட்டும் நிற்கிறது, மற்றவை ஓடுகின்றன

இணையத்தை வேறொரு சர்வர் வழியே சுற்றிவிடும் விபிஎன் இருந்தால் அணையுங்கள். செயலியைப் புதுப்பியுங்கள். பிறகு கைபேசி ஹாட்ஸ்பாட்டில் டிவியை இணைத்துப் பத்து நிமிடம் ஓடவிடுங்கள். 5 எம்பிபிஎஸ் வீடியோ என்றால் 375 எம்பி செலவாகும். ஹாட்ஸ்பாட்டில் சரியாக ஓடினால், உங்கள் நிறுவனத்துக்கும் அந்த வீடியோ சர்வருக்கும் இடையிலான பாதையில் சிக்கல்.

இங்கே டிஎன்எஸ் (தளத்தின் பெயரைச் சர்வர் முகவரியாக மாற்றித்தரும் சேவை) மாற்றச் சொல்லிப் பலர் அறிவுரை தருவார்கள். டிஎன்எஸ் வேகத்தைக் கூட்டாது. வீடியோ எந்த சர்வரிலிருந்து வரும் என்பதை மட்டும் அது மாற்றக்கூடும், நல்லதற்கும் கெட்டதற்கும். 1.1.1.1 போன்ற பொது டிஎன்எஸ், நீங்கள் எந்த வட்டாரத்தில் இருக்கிறீர்கள் என்பதை வீடியோ நிறுவனத்துக்குத் தெரிவிப்பதில்லை. பக்கத்து ஊர் சர்வருக்குப் பதிலாகத் தொலைதூர சர்வர் கிடைத்துவிடலாம். முன்பு யாராவது மாற்றிவைத்திருந்தால் தானியங்கிக்குத் திருப்பிப் பாருங்கள். தானியங்கியில்தான் இருக்கிறது என்றால் 8.8.8.8 ஒருநாள் போட்டுப் பாருங்கள்.

நேரலைக் கிரிக்கெட் மட்டும் நிற்பது தனிக் கதை. நேரலையில் முன்கூட்டி இறக்கிவைக்க எதுவும் இல்லை, கையிருப்பு சில விநாடிதான். பதிவு செய்த படத்தில் தெரியாத சிறு தடங்கல்கூட இங்கே வட்டமாக வரும். தரத்தைத் தானியங்கியிலிருந்து 720பி-க்கு மாற்றுங்கள், அரை நிமிடம் பின்னே தள்ளிப் பாருங்கள். அடுத்த வீட்டுக் கூச்சல் முதலில் கேட்கும், ஆனால் பந்து நடுவானில் உறையாது.

வட்டம் வரவில்லை, படம் மட்டும் மங்கல்

வேகம் இருந்தும் மங்கல் என்றால் முதலில் சந்தா. இந்தியாவில் நெட்ஃபிளிக்ஸின் மொபைல் பிளான் 480பி, பேசிக் 720பி, ஸ்டாண்டர்டு 1080பி, 4கே பிரீமியத்தில் மட்டும். அடுத்து செயலியின் 'டேட்டா சேவர்'. ஆண்ட்ராய்டு கைபேசியில் எப்போதுமே எச்டி வரவில்லை என்றால் நெட்ஃபிளிக்ஸ் செயலியின் அமைப்புகளில் 'பிளேபேக் ஸ்பெசிஃபிகேஷன்' பாருங்கள்; வைட்வைன் என்ற நகல் தடுப்புப் பூட்டின் நிலை எல்1 என்று இருக்க வேண்டும். எல்3 என்றால் அந்தக் கருவிக்கு எச்டி அனுமதி இல்லை, எந்த ரூட்டரும் அதை மாற்றாது.

ஒலி சீராக வருகிறது, படம் வெட்டி வெட்டி ஓடுகிறது

கையிருப்பு இருந்தும் திணறும் வகை இது. 'ஸ்டாட்ஸ் ஃபார் நெர்ட்ஸ்' பட்டியலில் 'டிராப்டு ஃபிரேம்ஸ்' எண் விடாமல் ஏறும். சுருக்கப்பட்ட வீடியோவை விரிக்கும் வேலையைக் கிராஃபிக்ஸ் சிப் செய்யாமல் பிராசசர் தனியாகச் சுமக்கிறது. குரோம் அமைப்புகளில் சிஸ்டம் பகுதிக்குப் போய் 'கிராஃபிக்ஸ் ஆக்சிலரேஷன்' இயக்கத்தில் இருக்கிறதா பாருங்கள், டிரைவரைப் புதுப்பியுங்கள். பட்டியலில் 'கோடெக்' (வீடியோவைச் சுருக்கிய முறை) வரியில் ஏவி01 என்று இருந்து கணினி பழையதாக இருந்தால் காரணம் கிடைத்துவிட்டது: இன்டெல்லில் 11ஆம் தலைமுறை மடிக்கணினிச் சிப்களிலிருந்துதான் ஏவி1 வகையை வன்பொருளே விரிக்கும். 60 ஃபிரேம் வீடியோவை 720பி-க்கோ 480பி-க்கோ இறக்கினால் ஓடும்.

எல்லாக் கருவியிலும் ஒரே நேரத்தில் அறுந்து அறுந்து வருகிறது

ஃபைபர் பெட்டியின் விளக்குகளைப் பாருங்கள். 'பான்' விளக்கு சீராகப் பச்சையாக எரிய வேண்டும். 'லாஸ்' சிவப்பாக மின்னினால் ஒளியே வரவில்லை. வெளியே அறுந்திருக்கலாம், அல்லது வீட்டுக்குள் அந்த மெல்லிய கேபிள் கதவிடுக்கில் நசுங்கியிருக்கலாம், ஆணியில் மடித்துக் கட்டப்பட்டிருக்கலாம். 3 செ.மீ. ஆரத்துக்குக் குறைவாக வளையாதபடி தளர்த்திவிடுங்கள். பச்சை முனையைக் கழற்றிச் சட்டையில் துடைக்கக் கூடாது, அதனுள்ளே கண் வைத்துப் பார்க்கவும் கூடாது. அந்த ஒளி கண்ணுக்குத் தெரியாது, ஆனால் கண்ணைக் கெடுக்கும்.

விளக்கு சரி, பெட்டி தானாக அணைந்து எழுகிறது என்றால் அடாப்டர். பழைய அடாப்டர் சுமை ஏறும்போது தள்ளாடும், அதனால்தான் பலர் ஒன்றாகப் பார்க்கும் நேரத்தில் அறுகிறது. புதிது வாங்கும்போது வோல்ட் அச்சுப் பிசகாமல் அதே அளவு, ஆம்பியர் அதே அல்லது அதிகம், பின் அளவும் துருவமும் அதே. மின்தடை அடிக்கடி வரும் ஊரில், இன்வெர்ட்டர் மாறும் அந்த நொடியில் பெட்டி அணைந்து மீண்டும் எழ இரண்டு மூன்று நிமிடம் பிடிக்கும். 12 வோல்ட் சின்ன யூபிஎஸ் ஒன்று அதைத் தீர்க்கும்.

மாதக் கடைசியில் மட்டும் எல்லாம் நத்தையானால் பயன்பாட்டு வரம்பைப் பாருங்கள். 'அன்லிமிடெட்' என்று விற்கும் பல ஃபைபர் பிளான்களில் 3300 ஜிபி வரம்பு இருக்கிறது. குறைந்த பிளான்களில் இன்னும் சிறியது. நிறுவனத்தின் செயலியில் செலவான அளவு தெரியும்.

லைன் பார்க்க ஆள் வரும்போது, பெட்டிக்குள் வரும் ஒளியின் அளவைப் பவர் மீட்டரில் காட்டச் சொல்லுங்கள். மைனஸ் 15 முதல் மைனஸ் 25 டிபிஎம் வரை நல்லது. மைனஸ் 27க்கும் கீழே இறங்கினால் லைன் அறுந்து அறுந்துதான் வரும். எங்கோ இணைப்பு கெட்டிருக்கிறது, இழையை மறுபடி ஸ்ப்ளைஸ் செய்யாமல் (ஒட்டிச் சேர்க்காமல்) அவரை அனுப்ப வேண்டாம். வேலை முடிந்ததும் அந்த எண்ணையும் தேதியையும் பெட்டியின் பக்கவாட்டில் ஒரு சீட்டில் எழுதி ஒட்டிவையுங்கள். அடுத்த முறை அறுந்தால் ஒப்பிட்டுப் பார்க்க அது வேண்டும்.